ஒரு விசில் என்றால் நிறுத்து

முதல் நாள்

எடிட்டிங் வேலையில் நான் வாங்காத திட்டு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனைப் பட்டென்று வைத்திருக்கிறார்கள். திருத்திக் கொடுத்த பிரதியை மேஜையில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் விசில் ஊதி என்னை நிறுத்தியவர் ஒருவர்தான். அவர் பெயர் செல்லமுத்து. கொல்லிமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊரில், அவர் வீட்டில், அவருக்கு எதிரே உட்கார்ந்து, நான் திருத்திய முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிக்கு வந்திருப்பேன். காதைப் பிளக்கிற மாதிரி ஒரு விசில். கையில் இருந்த பேப்பர் நழுவிக் கீழே விழுந்தது. வாசலில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் மூலைக்கு ஒன்றாக ஓடின. செல்லமுத்து விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி வெள்ளையம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பயந்துட்டீங்களாம்மா? ஒண்ணு ஊதுனா நிறுத்துன்னு அர்த்தமுங்க. ரெண்டு ஊதுனா போலாம். எனக்கும் அப்பிடித்தான் ஊதறாரு. சோறு போதும்னா ஒண்ணு, இன்னும் போடுன்னா ரெண்டு."

செல்லமுத்துவுக்குத் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். ஆனால் குரல் திரும்பி வரவில்லை. பேச முயன்றால் வெறும் காற்றுதான் வரும். மலை ஏறும் பஸ்ஸின் இன்ஜின் சத்தத்தையும் மீறி, கடைசி சீட்டில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பிய குரல் அது. சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது அவர் போடும் சத்தத்தில், பழக்கடையில் பேரம் பேசுகிறவர்கள்கூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வார்களாம். அந்தப் பேச்சு நின்ற பிறகு அவர் எழுத ஆரம்பித்தார். பஸ் வேலையில் பார்த்ததையெல்லாம் எழுதிக் குவித்தார். சேலத்தில் ஒரு பதிப்பாளருக்கு அது பிடித்துப்போய், எடிட்டிங்குக்கு என்னிடம் அனுப்பினார். நானும் மலையிலேயே இருப்பதால் நேரில் போய் வேலை செய்ய வசதி.

அன்று சாயங்காலம் வெள்ளையம்மா என்னுடன் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு சொல்றனுங்க, தப்பா நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. புத்தகம் வந்தா யாராச்சும்தான் படிச்சுக் காட்டோணும். அப்பக் கேட்டா அவரு பேசற மாதிரியே இருக்கோணுங்க. ஊட்டுல அவரு சத்தங் கேட்டு வருசத்துக்கு மேல ஆச்சு. வாரவங்க போறவங்களும் இப்ப என்கிட்டத்தான் பேசறாங்க, அவர ஒரு பார்வ பாத்துட்டுப் போயிர்றாங்க. நீங்க அவரு பேச்ச நல்ல தமிழா மாத்திப்போடாதீங்க சாமி."

"மாத்த மாட்டனுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். கரடுமுரடாக எழுதியதை நல்ல தமிழாக மாற்றிக் கொடுக்கத்தான் பதிப்பாளர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். இங்கே ஒரு மனுஷி, அதை மட்டும் செய்துவிடாதே என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறார்.

ஆளுக்கொரு சங்கதி

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் ரீடராகத் தொடங்கினேன். வீட்டுக்காரருக்கு பேங்க் வேலை. செம்மேட்டுக்கு மாற்றல் வந்தபோது, கொஞ்ச நாள் இருந்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் மலையேறினோம். அவர் ரிட்டயர் ஆன பிறகும் இறங்க மனம் வரவில்லை. இப்போது சோளக்காட்டில் வீடு. ஃப்ரீலான்ஸ் வேலை. லேப்டாப், கரண்ட் போனால் இன்வெர்ட்டர், சிக்னல் போனால் மொட்டைமாடி. அவ்வளவுதான் என் ஆபீஸ்.

சம்பளத்துக்கு இருந்தபோது எனக்கு முதலாளி ஒருவர். ஃப்ரீலான்ஸ் ஆன பிறகு புத்தகத்துக்கு ஒரு முதலாளி. ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிவாதம். ஒரு பேராசிரியருக்கு சிவப்பு நிறத்தில் திருத்தம் காட்டினால் ஆகாது. பரீட்சையில் ஃபெயில் ஆனமாதிரி இருக்கிறதாம். அவருக்கு மட்டும் நீலத்தில் மாற்றி அனுப்புவேன். ஒரு நாவலாசிரியைக்கு முதலில் வயிறு நிறையப் பாராட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் குறை சொல்லலாம். இன்னொருவர் ராகுகாலத்தில் ஃபைலைத் திறக்க மாட்டார். நான் அனுப்புவதும் ராகுகாலத்தில் இருக்கக் கூடாது. மெயிலைத் தயாராக வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு டாக்டர் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில்தான் சொல்வார். வாக்கிங் போய்க்கொண்டே சொல்வதால் பாதி மூச்சிரைப்பு, மீதிதான் விஷயம்.

ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இவர்களுக்கெல்லாம் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று தோன்றும். பிறகு வீட்டைத் திரும்பிப் பார்த்தால் அங்கேயும் இதே கதை. வீட்டுக்காரருக்கு நான் பிரித்துவைத்த நியூஸ்பேப்பர் ஆகாது, மடிப்புக் கலையாமல் வேண்டும். எனக்கு, வேலையில் இருக்கும்போது யாரும் "சாப்பிட்டியா" என்று கேட்கக் கூடாது. அவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் தட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். நான் பேப்பரை அவர் படித்த பிறகே தொடுவேன். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. சண்டை போட்டுப் போட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

இப்படியே பழகி, ஆளுக்குத் தகுந்தமாதிரி நடந்துகொள்வதில் நான் கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. செல்லமுத்துவின் பிரதியைப் படித்து முடித்தபோது, இந்த வித்தையில் இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று வாயைப் பிளந்துவிட்டேன்.

வளைவுக்கு ஒரு ஆள்

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். செல்லமுத்து வளைவுக்கு ஓர் அத்தியாயம் எழுதியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு பயணி. அந்தப் பயணிக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, அதற்கு அவர் என்ன செய்தார், அவ்வளவுதான். விபத்து, பேய், புலி எதுவும் கிடையாது.

மிளகு மூட்டையுடன் வருகிற பெரியவர் ஒருவர். மூட்டை மேலே கேரியருக்குப் போகக் கூடாது, பின்னாலும் போகக் கூடாது. அவர் கண்ணெதிரில் இருக்க வேண்டும். செல்லமுத்து எழுதியிருந்தார்: "ஏனுங்க பெரியவரே, மூட்டைய உங்க கண்ணுக்கு நேரா வெச்சிருக்கறனுங்க. நான் பாத்துக்கறேன், தூங்குங்கன்னேன். பெரியவரு மூட்டையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. கண்ண மூடுனாரு."

பள்ளத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிற ஓர் அம்மா. மலைப்பக்கம் சீட் கொடு என்பார். எங்கே கொடுப்பது? ஒவ்வொரு வளைவிலும் பள்ளம் பக்கம் மாறும். இந்தப் பக்கம் உட்கார வைத்தால் அடுத்த திருப்பத்தில் அதுவே பள்ளத்துப் பக்கம் ஆகிவிடும். மற்றவர்களாக இருந்தால், "கண்ண மூடிக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். செல்லமுத்து அவரை டிரைவருக்குப் பின்னால் உட்கார வைத்து, "டிரைவரு கழுத்துத் துண்டையே பாத்துட்டு வாங்க, அது பள்ளத்துக்குப் போகாது" என்று சொல்லியிருக்கிறார். டிரைவரிடம், அந்த அம்மா வருகிற நாளில் கலர் துண்டு போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். டிரைவரும் போட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டு நான் லேப்டாப்பை மூடிவைத்துச் சிரித்தேன். அப்புறம், எவ்வளவு பெரிய மனசு இந்த ஆளுக்கு என்று நினைத்தேன்.

முதல் நாள் அவர் விசில் ஊதிய இடம் அந்த மிளகு மூட்டைப் பெரியவர்தான். துண்டு துண்டாக இருக்கிறதே என்று, "மூட்டையைக் கண்ணெதிரில் வைத்ததும் பெரியவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்" என்று நான் ஒன்றாகச் சேர்த்திருந்தேன். விசில். ஏன் என்று கேட்டேன். பக்கத்தில் கிடந்த பேப்பரை இழுத்து எழுதிக் காட்டினார்.

"ஒடனே மூடலீங்க. ரெண்டு வளைவு வரைக்கும் பாத்தாரு. அப்பறந்தான் நம்புனாரு."

அவருடைய ஒவ்வொரு சின்ன வாக்கியத்துக்கும் நடுவில் பஸ் ஒரு வளைவு திரும்பியிருக்கிறது. நான் சேர்த்ததில் அந்த வளைவுகள் காணாமல் போய்விட்டன. பழையபடியே விட்டேன். இரண்டு விசில் வந்தது. கோழிகள் மறுபடியும் ஓடின.

மூன்றாவதாக ஒரு விசிலும் உண்டு. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது கண்டக்டர் பின்னால் நின்று விட்டு விட்டு ஊதுவாரே, அது. நான் வாசித்துக்கொண்டே போகும்போது அப்படி ஊதினால், இரண்டு பத்தி பின்னால் போக வேண்டும். "வா, வா, வா" என்கிற மாதிரி கையையும் ஆட்டுவார். வேண்டிய வரிக்கு வந்ததும் ஒற்றை விசில். என் தொழிலில் இதைவிடத் தெளிவாகக் கருத்துச் சொன்ன ஆசிரியர் எனக்குக் கிடைத்ததில்லை. கம்ப்யூட்டரில் திருத்தம் காட்டுகிற ட்ராக் சேஞ்சஸ், கமென்ட் பாக்ஸ் எல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

அவர் எல்லாவற்றுக்கும் முரண்டு பிடிக்கிறவர் என்று நினைக்க வேண்டாம். மேலதிகாரி ஒருவரைத் திட்டி நீளமாக எழுதியிருந்தார். "இதுல நீங்க மட்டுந்தான் இருக்கறீங்க, பயணி யாரையுங் காணோமே" என்றேன். விசிலை வாயில் வைத்தபடி ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இரண்டு முறை ஊதினார். அத்தியாயத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிட்டார்.

ஓர் அத்தியாயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு பெண், பல வருடமாக அந்த பஸ்ஸில் வருகிறவர். "அந்தம்மாகிட்ட எங்க எறங்கணும்னு கேக்காதீங்க. ஏறும்போதே டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்துருங்க" என்று எழுதியிருந்தார். எந்த ஸ்டாப் என்று அத்தியாயம் முழுக்க இல்லை. கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த ஸ்டாப்பின் பெயரும் அந்த அம்மாவின் கணவர் பெயரும் ஒன்று. கணவர் பெயரைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. புதிய கண்டக்டர்கள் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் நிற்பார், அவர்கள் கத்துவார்கள். செல்லமுத்து ஒருநாளும் கேட்கவில்லை. சரி, ஆனால் புத்தகத்தில் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"அந்தம்மா படிக்கத் தெரிஞ்சவங்க. வாய்விட்டுத்தான் படிப்பாங்க. அங்க வந்தா நின்னு போயிருவாங்க" என்று எழுதிக் காட்டினார்.

தன் பஸ்ஸில் ஏறியவரைத் தன் புத்தகத்திலும் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இந்தக் குறிப்பையும் அந்த அம்மா படிக்கக்கூடும் என்பதால் நானும் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

சேலத்திலிருந்து வந்த போன்

முடித்த பிரதியை அனுப்பிவைத்தேன். பதிப்பாளர் நல்ல மனிதர். புத்தகத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். ஆனால் போனை எடுத்ததுமே குரலில் காரம் இருந்தது.

"என்ன மேடம் இது, ஒண்ணுமே செய்யாம அனுப்பிட்டீங்க? எல்லாம் துண்டு துண்டா இருக்கு. பேச்சு வழக்கு அப்படியே நிக்குது. ஸ்டாப் பேரைக் காணோம். அப்புறம் ரோட்டுல வளைவு நம்பர் போர்டு அடிவாரத்துல ஒண்ணுன்னு ஆரம்பிக்குது, இவரு மலை உச்சியில ஒண்ணுன்னு ஆரம்பிக்கறாரு. படிக்கறவன் குழம்பிர மாட்டானா?"

"மலைக்காரங்களுக்குக் காலையில முதல் பஸ் மேல இருந்துதானே சார் கிளம்புது" என்றேன்.

"புத்தகம் வாங்கறவங்க கீழ இருக்கறவங்க மேடம். நானே ஒரு அத்தியாயம் எழுதிப் பாத்திருக்கேன், அனுப்பறேன். அதே மாதிரி எல்லாத்தையும் மாத்திக் குடுங்க. இல்லைன்னா நாங்க போடற புத்தக லிஸ்ட்ல இருந்து இதை எடுத்துட வேண்டியதுதான்."

அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு வளப்பூர் நாட்டுக்குப் போனேன். மறைக்காமல் காட்டுவதுதான் நியாயம். வாசித்தேன்: "பயணிகளின் தனிப்பட்ட விருப்பங்களுக்கு உரிய மதிப்பளித்துப் பணியாற்றுவதையே எனது கொள்கையாகக் கொண்டிருந்தேன்."

விசில் வரவில்லை. செல்லமுத்து அதை வாயருகே கொண்டுபோகவே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வெள்ளையம்மாதான் கேட்டார்.

"இது ஆருங்க பேசறது? தாசில்தாருங்களா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். செல்லமுத்து எழுதினார்: "இப்பிடி வாரதுன்னா வேண்டாங்க. நான் பேசாமயே இருந்துக்கறேன்." எழுதிய பேப்பரை மனைவிக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று எனக்குச் சைகை செய்தார். ஆனால் வெள்ளையம்மா அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

பதிப்பாளரிடம் போனில் வாதாடிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பிரதி கையில் இருக்கிறது, ஆள் கண்ணில் படவில்லை. "ஒரு தடவை மேல வந்துட்டுப் போங்க சார். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்" என்று கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார். காரில் வருவதாகச் சொன்னவரை, அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வரச் சொன்னது செல்லமுத்துவின் யோசனை.

காலை பஸ்ஸில் செல்லமுத்துவும் நானும் அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்கு இறங்கிப் போய் அவரை அழைத்துக்கொண்டு ஏறினோம். பதிப்பாளர் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு போர்டையும் போனில் படம் எடுத்தார். "பாருங்க மேடம், ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் கீழ இருந்துதான்" என்று என்னைச் சீண்டினார். பாதி மலை ஏறுவதற்குள் போன் பைக்குள் போய்விட்டது. முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியது. ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சம்.

நான் கவனிப்பதற்கு முன்பே செல்லமுத்து எழுந்துவிட்டார். பதிப்பாளரின் தோளைத் தொட்டு எழுப்பி, டிரைவருக்குப் பின்னால் இருந்தவரை ஒரு சைகையில் நகர்த்தி, அங்கே உட்கார வைத்தார். நேராக ரோட்டைப் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பதிப்பாளருக்கும் மற்ற பயணிகளுக்கும் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் அவர் முகத்தைப் பார்க்க முடியாதபடி மறைத்து நின்றார். மலை ஏறி முடியும்வரை உட்காரவே இல்லை.

சோளக்காட்டில் பஸ் நின்றது. சந்தைக்கு வந்தவர்கள் ஏறினார்கள். அவர்களில் ஓர் அம்மா, இரண்டு கையிலும் பை. இப்போதைய கண்டக்டர் புதியவர். "எங்கம்மா எறங்கணும்?" என்றார். அந்த அம்மா பேசவில்லை. "அட, சொன்னாத்தானே டிக்கெட் போட முடியும்?" என்று கண்டக்டர் குரலை உயர்த்தினார். செல்லமுத்து இருந்த இடத்திலிருந்தே கையைத் தட்டினார். கண்டக்டர் திரும்பியதும் விரலால் டிக்கெட் தொகையைக் காட்டினார். கண்டக்டர் புரிந்துகொண்டு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அந்த அம்மா செல்லமுத்துவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பதிப்பாளருக்கு அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் பக்கம் குனிந்து, "அவங்க ஏன் மேடம் சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை உருட்டியபடி கொஞ்ச நேரம் அந்த அம்மாவையே பார்த்தார்.

"அந்த அத்தியாயத்துல வாரது இவங்கதானா? அப்ப ஸ்டாப் பேரு வேண்டாம் மேடம்" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் எழுதுனதைக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றார். வளைவுகளின் எண்ணை மட்டும் அவரால் விட முடியவில்லை. செல்லமுத்துவின் வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு அதற்கும் ஒரு வழி பண்ணினோம். "இந்தப் புத்தகம் மலையிலிருந்து இறங்குகிறது" என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போடுவது என்று முடிவானது. பதிப்பாளர் சொன்ன யோசனைதான். செல்லமுத்து இரண்டு விசில் ஊதினார். பதிப்பாளரின் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது.

வெள்ளையம்மா கேட்டது

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்கள் என்னிடம் மென்பொருள் பற்றிக் கேட்கிறார்கள், ரேட் பற்றிக் கேட்கிறார்கள். நான் செல்லமுத்துவைப் பற்றிச் சொல்வேன். வேலையை எடுப்பதற்கு முன்னால் எதிரில் இருப்பவரை ஒரு முறை நன்றாகப் பாருங்கள். அவருக்கு எப்படிக் கேட்டால் வசதி, எப்படிச் சொன்னால் சங்கடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொல்ல மாட்டார், பெரும்பாலானவர்களுக்குச் சொல்லக் கூச்சம். அதற்கு ஆகும் நேரம் வீண் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது என் வேலையில் பாதிக்கு மேல் அதுதான் என்று நினைக்கிறேன். பிரதிக்குப் பின்னால் அந்த ஆள் பேசுவது கேட்காவிட்டால், எவ்வளவு சுத்தமாகத் திருத்தியும் பிரயோஜனமில்லை.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதல் பிரதிகளை நானே எடுத்துக்கொண்டு போனேன். செல்லமுத்து அட்டையைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், மனைவியிடம் நீட்டினார். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கென்னங்க தெரியும், படிங்க" என்றார். முகத்தில் ஒரு பயம் இருந்தது. எனக்கும்தான்.

எந்த அத்தியாயம் என்று செல்லமுத்துவைப் பார்த்தேன். புத்தகத்தை வாங்கிப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நாங்கள் வெள்ளையம்மா சந்தைக்குப் போயிருந்த சமயமாகப் பார்த்துத் திருத்தியிருந்தோம். வாசித்தேன்.

"எங்க ஊட்டுக்காரி ஒருக்கா பஸ்ஸுல வந்தா. பலாப்பழம் ஒண்ணு கொண்டாந்தா. கட்டி வெய்யின்னு சொன்னேன். கேக்கல. எறக்கத்துல வண்டி திரும்புச்சு. பழம் உருண்டுச்சு. பின்னாடி சீட்டுல கெளம்பி, டிரைவரு காலடிக்கே போயிருச்சு. பஸ்ஸே சிரிச்சுது. என் மானம் போச்சு."

"பொய்யி!" என்றார் வெள்ளையம்மா.

நான் நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லமுத்துவையும் பார்க்கவில்லை. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துக் கையை நீட்டிப் பேசினார்.

"கட்டித்தானுங்க வெச்சேன்! சாக்குல போட்டு, கயித்தால சுத்தி, சீட்டுக் காலோட சேத்து முடி போட்டேன். நீங்கதான் ஆரோ ஒரு மூட்டைய நகத்தறேன்னு போயி அந்தக் கயித்த அவுத்துட்டீங்க. செய்யறதையும் செஞ்சுட்டு எம்மேல போடறீங்களா?"

செல்லமுத்துவின் தோள் குலுங்கியது. சத்தம் இல்லாத சிரிப்பு. நான் அடுத்த வரியை வாசித்தேன்.

"நான் கட்டித்தான் வெச்சேன்னு இப்பவுஞ் சண்டைக்கு வருவா. வரட்டும். அவ சண்ட போடலீன்னா எனக்குச் சோறு எறங்காது."

வெள்ளையம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. மெதுவாகக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஒரு முறை செல்லமுத்துவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க" என்றார்.